சாக மறுத்த டிக்கெட்டம்மா

தமிழ் சினிமாவில் அம்மாக்கள் சாவதை நேருக்கு நேர் நின்று எதிர்த்தவர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் கதாசிரியர் இல்லை. மாதர் சங்கத் தலைவி இல்லை. தணிக்கை அதிகாரியும் இல்லை. உத்திரமேரூர் டென்ட் கொட்டாயில் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவருடைய வீட்டுக்காரரிடமே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், காதைச் சொறிந்துகொண்டார். "டிக்கெட்டம்மான்னு தான் கூப்புடறது" என்றார்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு ஆபீசில் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸ் மூடிய பிறகு உத்திரமேரூரில் ஒரு பிரம்மச்சாரி ஏரிக்கரைப் பக்கம் நடக்கலாம். இல்லாவிட்டால் சினிமாவுக்குப் போகலாம். ஏரிக்கரையில் நடந்தால் கொட்டாயின் ஒலிபெருக்கியில் படத்துக்கு முன்னால் பக்திப் பாட்டு போடுவது கேட்கும். கேட்டதும் கால் தானாகத் திரும்பிவிடும். ஆகவே நான் சினிமாவுக்கு மட்டும்தான் போனேன்.

மேலே கீற்று, கீழே மணல், நடுவில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க இடுப்பளவுக்கு ஒரு மண்சுவர். இவ்வளவுதான் கொட்டாய். படம் ஆரம்பிக்கும்வரை டிக்கெட்டம்மா வாசலில் இருப்பார். ஆரம்பித்ததும் உள்ளே வந்து அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. தலையில் ஒரு நரை கிடையாது. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. குரல் மட்டும் ஒல்லி இல்லை. கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து வசனத்தை அவரே பேசிக்கொண்டு போவார். யாரும் எழுந்து போக மாட்டார்கள். கரண்ட் வந்ததும் அலுத்துக்கொண்டவர்கள்கூட உண்டு.

வீட்டுக்காரருக்கு மைக் நைனா என்று பெயர். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் போஸ்டர் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், "இன்றே இப்படம் கடைசி" என்று மைக்கில் அலறுவது அவர் உத்தியோகம். ஊரெல்லாம் பேசிவிட்டு வந்து வீட்டில் வாயைத் திறக்காத மனிதர். திறக்க இடம் கிடைத்ததில்லை.

ஒருநாள் கொட்டாய் வாசல் டீக்கடையில் டிக்கெட்டம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா கிளார்க்கு, நீ பட்ச்சவன். ஒண்ணு கேக்கறேன், சொல்லு. இப்ப ஓடுதே படம், அதுல ஹீரோவுக்கு இன்னா வயசு இருக்கும்?"

"படத்திலயா, நெஜத்திலயா?"

"நெஜத்துல."

"ஐம்பது இருக்கும்."

"அவனுக்கு அம்மாவா வர்றாளே, அவளுக்கு?"

யோசித்தேன். "நாற்பத்தஞ்சு."

"ஆங்! அம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே புள்ள பொறந்துக்கினு கீறான். அவன் மரத்தச் சுத்தி ஓடறான். இவ இருமிக்கினே தையல் மிஷினு மிதிக்கறா. அப்பால செத்துப் பூடறா. இது இன்னா நாயம்?"



அவர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்துப் பார்த்தேன். நாற்பது தாண்டிய பெண்ணுக்குச் சினிமாவில் மூச்சு விடவே பயமாக இருந்தது. மகன் பாசானால் ஆபத்து, வேலை கிடைத்தால் பேராபத்து. கதாநாயகன் கையில் ஸ்வீட் பாக்கெட்டோடு "அம்மா!" என்று வாசலில் நுழைந்தால் போதும், இருட்டில் டிக்கெட்டம்மாவின் குரல் கேட்கும்: "ஸ்வீட்டு எட்தாந்துட்டான்டா. முட்ஞ்சிது அவ கத."

அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

இதனால் டிக்கெட் கொடுக்கும்போதே அவர் எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் காசை நீட்டியபடியே கேட்பார்கள்: "அக்கா, இதுல அம்மா இன்னா ஆவறா?"

"இன்டர்வலுக்கு அப்பால பூடுவா. கண்ணு ரெண்டும் மொதல்லயே பூட்டிருக்கும். பாட்டு மூணும் முன்னாடியே வந்துடுது. பாத்துட்டு எய்ந்து வூட்டுக்குப் போ."

கொட்டாய் முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "யம்மா, நீ கதையவே சொல்லிட்டா எவ உள்ள வருவா?"

"சொல்லாம அனுப்பிச்சா, பாவம், எவ்ளோ நேரம் அயுவாளுங்க? வூட்ல போயி சோறு ஆக்க வேணாமா?"

முதலாளி அவரை ஏன் வேலையை விட்டு நீக்கவில்லை என்று கேட்கலாம். நீக்கினார். அன்றைக்குப் பெண்கள் பக்கம் மணல் மட்டும்தான் படம் பார்த்தது. மறுநாள் காலையில் தானே டிக்கெட்டம்மா வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்ததாக டிக்கெட்டம்மா ஆபரேட்டர் மேல் கைவைத்தார். ஆபரேட்டருக்குச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் போகும். ஒரு படத்தில் அம்மா சாவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள், நடுவில் ஒரு பாட்டு வேறு. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு டிக்கெட்டம்மா சொன்னார்: "நாளைக்கு அந்த ரீல ஓட்னா, ஒனக்குக் கொயம்பு கெடையாது."

மறுநாள் ரீல் ஓடவில்லை. கட்டிலில் படுத்து இருமிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்கினாள். எதிரில் நின்று கதாநாயகன் கதறிக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. "ஐயய்யோ, எப்ப செத்தா?"

டிக்கெட்டம்மா எழுந்து நின்றார்.

"யாரும் சாவல! கம்முனு குந்துங்க! மாலை பொறந்த நாளுக்குப் போட்டது. அம்மா திருப்பதிக்குப் போய்க்கீறா!"

"அப்ப அவன் ஏன்க்கா இப்டி அயுவறான்?"

"ஊருக்குப் போனதுக்கே இப்டி அயுவறான் பாரு. பாசமான புள்ள!"

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். படத்தின் கடைசியில் அம்மா திருப்பதியிலிருந்து ஏன் திரும்பவில்லை என்று ஒருத்தி கேட்டதற்கு, "பஸ்ஸு கெடைக்கல" என்று பதில் வந்ததாகக் கேள்வி.

இவ்வளவு வன்மம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரே மகன், மாணிக்கம். மெட்ராசில் லாரி ஷெட்டில் மெக்கானிக். கல்யாணமாகி அங்கேயே இருந்தான். பொங்கலுக்கும் வருவதில்லை, தீபாவளிக்கும் வருவதில்லை.

"படத்துல புள்ள எப்ப அம்மா மடியில வந்து வியுறான்? அவ சாவும்போது. அது வரைக்கும் எங்க போயிருந்தான்? மரத்தச் சுத்திக்கினு இருந்தான். இந்தப் படத்த எங்க மாணிக்கமும் தான் பாக்கறான். இன்னா கத்துக்குவான்? அம்மா செத்தா போயி அயுதா போதும், அது வரிக்கும் போவ வேணாம்னு தான் கத்துக்குவான்."

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஏரிக்கரைக்கு ஷூட்டிங் வந்தது. பெரிய ஹீரோ. அம்மா சாகும் காட்சி, படத்தில் அம்மா வருவதே அது ஒன்றில்தான். எல்லாம் தயார், அம்மாவைத்தான் காணோம். அம்மாவாக நடிக்க வேண்டிய நடிகை அன்றைக்கு வேறொரு படத்தில் செத்துக்கொண்டிருந்ததால் வரமுடியவில்லை. உள்ளூரில் யாராவது வயசான அம்மா கிடைக்குமா என்று கொட்டாய் முதலாளியைக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் டிக்கெட்டம்மாவைக் கைகாட்டினார். பழி தீர்த்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போய் நின்றேன். ஊரே நின்றது. மேக்கப்காரர் டிக்கெட்டம்மாவின் தலையில் வெள்ளையைப் பூச ஆரம்பித்ததும் முதல் தகராறு.

"இன்னாய்யா தடவற?"

"நரைம்மா. ஹீரோவுக்கு அம்மான்னா நரை வேணும்ல."

டிக்கெட்டம்மா பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே இன்னொருவர் ஹீரோவின் டோப்பாவுக்குக் கறுப்பு மை தீட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு என்ன வுட மூத்தவரா கீறாரு. அவரு தலைக்கு மையி, என் தலைக்குச் சுண்ணாம்பா?"

ஒரு வழியாகக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டைரக்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். மகன் ஓடி வருவான், அம்மா ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான்.

"எனக்கு இன்னா வியாதி?"

டைரக்டர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கதை பைலைப் புரட்டினார். அதில் வியாதி எழுதப்படவில்லை.

"மனசு ஒடைஞ்சி செத்துடறீங்கம்மா."

"மனசு ஒட்ஞ்சி எவ செத்தா? எனக்கு ஒட்ஞ்சி வருசக் கணக்காவுது. டிக்கெட்டு குட்த்துக்கினு தான் கீறேன்."

கூட்டம் சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மைக் நைனாவும் சிரிக்கவில்லை. வண்டி மாட்டைப் போய்த் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

காமிரா ஓடியது. ஹீரோ அலறிக்கொண்டு ஓடி வந்து மார்பில் விழுந்தார். செத்த டிக்கெட்டம்மா கையைத் தூக்கி அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். டோப்பா நகர்ந்தது. "கட்!"

"புள்ள அயுவுதே, கம்முனு எப்டி கெடக்கறது?"

அடுத்த தடவை ஒற்றைக் கண்ணைத் திறந்து கூட்டத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். அதற்கடுத்த தடவை, "மெதுவா வியுந்து அயு கண்ணு, எலும்பு குத்துது" என்றார். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. டைரக்டர் தொப்பியைக் கழற்றி மணலில் எறிந்தார். கடைசியில் ஹீரோவே கட்டில் பக்கம் குனிந்து கையைக் கூப்பினார்.

"அம்மா, ராத்திரி மெட்ராஸ்ல வேற ஷூட்டிங் இருக்கு. எனக்காகக் கொஞ்சம் செத்துக் குடுங்கம்மா."



"தன்மையா கேக்கற. சரி, ஒனக்கோசரம் சாவறேன். ஆனா இரும மாட்டேன்."

செத்தார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் செத்தார். ஹீரோ காலடியில் விழுந்து புரண்டபோது கால் கட்டைவிரல் மட்டும் லேசாக ஆடியது. ஈ உட்கார்ந்ததாம். டைரக்டர் அதைப் பார்த்தார், சூரியனையும் பார்த்தார், "ஓகே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்தப் படம் மெட்ராசில் ஓடி, காஞ்சிபுரத்தில் ஓடி, பிரிண்ட் தேய்ந்து திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்ய ஆரம்பித்த பிறகுதான் எங்கள் ஊருக்கு வந்தது. மைக் நைனா வாழ்நாளில் முதல்முறையாகத் தன் மனைவியைப் பற்றித் தானாக வாயைத் திறந்தார், அதுவும் மைக்கில்: "தாய்மார்களே! என் சம்சாரம் சாகும் மகத்தான காட்சி! காணத் தவறாதீர்கள்!"

கூட்டம் தாங்கவில்லை. தென்னேரியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். திரையில் அவர் கண்ணை மூடியதும் பெண்கள் பக்கம் ஓவென்று அழுகை. கட்டைவிரல் ஆடியதும் ஆண்கள் பக்கம் கீற்று பிய்ந்து போகிற மாதிரி விசில். அவர் டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே நின்றுகொண்டார். உள்ளே வந்து பார்க்கவில்லை.

அன்று படம் பார்த்தவர்களில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். மறுநாள் காலை மெட்ராஸ் போய் லாரியை ஷெட்டில் விட்டவர், மாணிக்கத்தைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது இது: "நான் பாராட்டித் தான் சார் சொன்னேன். 'மாணிக்கம், ஒங்கம்மா நேத்து செத்தாங்க பாரு, அந்த மாரி சாவு நான் பாத்ததே இல்ல. ஊரே அயுதுது'ன்னேன். அப்பால சினிமாவப் பத்திச் சொல்லலாம்னு வாயத் தொறக்கறேன், ஆளக் காணோம்."

சாயங்காலம் டிக்கெட் கொடுக்கிற நேரம். பஸ்ஸிலிருந்து மாணிக்கமும் அவன் மனைவியும் இறங்கினார்கள். அவன் தோளில் பெரிய ரோஜா மாலை. அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "என்ன பெத்த அத்தே!" என்று மாரில் அடித்துக்கொண்டே வந்தாள். மாலையைப் பார்த்த ஊர்க்காரர்கள், டிக்கெட்டம்மாவைப் பாராட்ட யாரோ மெட்ராசிலிருந்தே வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

மாணிக்கம் ஒருவரிடம் கேட்டான்: "எங்கய்யா வெச்சிக்கீறாங்க?"

"கொட்டாய்ல தான். சீக்கிரம் போ, டிக்கெட்டு தீந்துடும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்க ஜன்னலில் நின்றான். உள்ளேயிருந்து வழக்கம்போல ஒரு கை நீண்டது.

"எத்தினி?"

அதில் காசு விழவில்லை. டிக்கெட்டம்மா குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பின்னால் வாயைத் திறந்தபடி நின்றுவிட்ட மருமகளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"செத்தா தான் வருவியாடா?"

மாணிக்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழந்தை மாதிரி அழுதான். மருமகளுக்கு அழுகையை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியவில்லை, நடுத்தரமாக விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அந்த மாலைய குடு. துட்டு போட்டு வாங்கியாந்துகீற. வாடிப் பூடப் போவுது."

வாங்கித் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆம்பளைங்க ஜன்னல் அந்தாண்ட. போயி டிக்கெட்டு எட்து. ஓசி கெடையாது."

அன்று கொட்டாயில் மாணிக்கம் என் பக்கத்தில்தான் மணலில் உட்கார்ந்தான். டிக்கெட்டம்மாவும் அன்று உள்ளே வந்து, கழுத்தில் மாலையோடு, மண்சுவருக்கு அந்தப் பக்கம் மருமகளை உட்கார வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்தது. அம்மா உயிரோடு பத்தடி தூரத்தில் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் திரையில் அவள் கண்ணை மூடியதும் அவன் உடம்பு குலுங்க ஆரம்பித்துவிட்டது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் சத்தம் நிற்கவில்லை. விசிலடிக்கத் தயாராக விரலை வாயில் வைத்திருந்தவர்கள்கூட எடுத்துவிட்டார்கள்.

சுவருக்கு மேலே மாலை போட்ட ஒரு தலை எழும்பியது.

"டேய், அயுவாதடா. இங்க தான் கீறேன்."

அவன் எழுந்து சுவரோரம் போனான். அவர் கையை நீட்டி அவன் தலையைப் பிடித்துச் சுவர்மேல் சாய்த்துக்கொண்டார். திரையில் ஒரு பெரிய ஹீரோ அதே அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தார். பாவம், அவரை யாரும் பார்க்கவில்லை. கட்டைவிரல் ஆடியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை என்று ஆபரேட்டர் ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

அதன்பிறகு மாணிக்கம் மாதம் தவறாமல் வந்தான். என்றைக்காவது தவறினால் லாரிக்காரர் மூலம் சேதி போகும்: "இன்னொரு தபா சாவட்டுமான்னு அம்மா கேக்கறாங்க."

சில வருஷங்களில் பஞ்சாயத்து ஆபீசுக்கு டிவி வந்தது. கொட்டாயில் கூட்டம் குறைந்தது. ஒருநாள் கீற்றைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டிக்கெட்டம்மா அதற்காக ஒரு நாள்கூட முகத்தைத் தொங்கப் போடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் எங்கே உட்கார வேண்டும் என்று அங்கேயும் அவர்தான் சொன்னார். டிக்கெட் மட்டும்தான் இல்லை.

டிவி நாடகத்தைப் பார்த்து அவர் அசந்துபோனார். "கிளார்க்கு, நாடகம் முட்ஞ்சே பூட்சி. கெய்வி அப்டியே கீறா! சோபாவுல குந்திக்கினு, கண்ணாடி போட்டுக்கினு, பேசறா பேசறா, பேசிக்கினே கீறா!"

அந்த மகிழ்ச்சி கொஞ்ச நாள்தான். சோபாவில் உட்கார்ந்த அம்மாக்கள் ஒவ்வொருவராக மருமகளைப் படுத்த ஆரம்பித்தார்கள். டிக்கெட்டம்மா பெருமூச்சு விட்டார். "சினிமாவுல சாவடிச்சானுங்க. டிவில கொடும பண்ண வுட்டுட்டானுங்க."

"எதும்மா தேவலை?"

"கொடும தான். உசிரோட கீறாளே!"

முன்னேற்றம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு மாற்றல் வந்தது. சாமான்கள் எல்லாம் லாரியில் முன்னாலேயே போய்விட்டன. கைப்பையோடு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியவன், சொல்லிக்கொண்டு போகலாம் என்று பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் ஒதுங்கினேன். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாரோடும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு வயதான பெண், தனியாக ஒரு இட்லிக் கடை போடப் பார்க்கிறாள். விறகு எரியவில்லை. அவள் இருமவும் இல்லை, அழவும் இல்லை. ஊதிக்கொண்டே இருந்தாள். டிக்கெட்டம்மா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ட்டு வரேன்மா."

"குந்துய்யா. இவ அடுப்பு பத்திக்கட்டும், அப்பால போ."

உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் கேட்டது. அவர் காதிலும் விழுந்தது.

"பஸ்ஸு பூடும்யா."

"போகட்டும்மா. அடுத்தது வரும்."

அன்றைக்கு அதற்கப்புறம் பஸ் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டார்.